உருண்டையை நீட்டினால் மாவு கூடுமா?

சப்பாத்திக்கு மாவு பிசையும்போது நாலு வயதுக் குழந்தை காலைச் சுற்றி வந்தால் விரட்டாதீர்கள். ஒரே அளவில் இரண்டு உருண்டை பிடித்து முன்னால் வையுங்கள். "ரெண்டும் ஒண்ணா இருக்கா, பாரு" என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து துளி கிள்ளி இன்னொன்றில் ஒட்டி, திரும்பவும் பார்த்து, "இப்ப சரி" என்று அதுவே தீர்ப்புச் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பிறகு அதன் கண்ணெதிரே ஓர் உருண்டையைக் கயிறாகத் திரித்து நீட்டுங்கள். "இப்ப எதுல மாவு நிறைய இருக்கு?"

நாலைந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் கயிற்றைத்தான் காட்டுவார்கள். யாரும் மாவு சேர்க்கவில்லை, எடுக்கவுமில்லை. எல்லாம் குழந்தையின் கண்முன்தான் நடந்தது. ஆனாலும் நீளமாக இருப்பதால் அது 'நிறைய'. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) களிமண் உருண்டைகளை வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனை இது. உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிறவியிலேயே வருகிற அறிவு இல்லை. ஏறக்குறைய ஏழு வயதில்தான் அது உறுதிப்படுகிறது என்றார் அவர். எடை மாறாது என்பது புரிய இன்னும் இரண்டு வருடம் ஆகலாம். பியாஜேயைப் படிக்காத அம்மாக்களுக்கும் இது தெரியும். "அண்ணனுக்கு மட்டும் ரெண்டு தோசையா?" என்று அழும் சின்னதின் தட்டில் இருக்கும் ஒரே தோசையை இரண்டாகக் கிழித்துப் போட்டால் அழுகை நின்றுவிடுகிறதே!

இந்தச் சோதனையில் ஒரு குறையும் உண்டு. ஒரே கேள்வியைப் பெரியவர் இரண்டு தடவை கேட்டால், "முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது" என்று குழந்தை பதிலை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1974-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சந்தேகத்தைத்தான் சோதித்தது. இரண்டு வரிசையாக வில்லைகளை அடுக்கிவிட்டு, குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று ஓடிவந்து வரிசையைக் கலைத்ததுபோல நடித்தார்கள். பெரியவர் கலைத்தபோது தவறாகச் சொன்ன வயதில், பொம்மை கலைத்தபோது பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பரீட்சை வைக்கிற தோரணையில் கேட்டால் குழந்தைக்குத் தெரிந்ததுகூட வெளியே வராது என்பதுதான் இதிலிருந்து நமக்குக் கிடைப்பது. ஒரு தடவை கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் திருத்த அவசரப்படாதீர்கள். நீட்டிய கயிற்றைத் திரும்ப உருட்டி அது தானே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

யூடியூப்பில் ஆப்பசோடாவும் வினிகரும் சேர்த்துப் பொங்கவிடும் 'எரிமலை' நிறையக் கிடைக்கிறது. குழந்தைகள் கைதட்டுவார்கள், மறுக்கவில்லை. எனக்கென்னவோ அதன்மேல் பெரிய மதிப்பு இல்லை. நுரை அடங்கியதும் விஷயமும் அடங்கிவிடுகிறது. யோசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்றாடச் சமையலே அதைவிட நல்ல பரிசோதனை. ஒரே ஒரு நிபந்தனை: செய்வதற்கு முன்னால் "என்ன ஆகும்?" என்று குழந்தையை ஊகிக்கச் சொல்ல வேண்டும்.

அதே மாவிலேயே தொடரலாம். இரண்டு சப்பாத்தி திரட்டி, ஒன்றை மட்டும் முள்கரண்டியால் அங்கங்கே நன்றாகக் குத்தச் சொல்லுங்கள். எது உப்பும்? ஊகத்தை வாங்கிக்கொண்டு, குழந்தையை எட்ட நிறுத்திவிட்டு இரண்டையும் சுட்டெடுங்கள். குத்தாத சப்பாத்தி பந்தாக எழும். குத்தியது தட்டையாகவே கிடக்கும். மேலும் கீழும் மாவு வெந்து தோலாக இறுகும்போது நடுவிலிருக்கும் ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதாவது 5 மில்லி, எட்டு லிட்டர் ஆவியாகிவிடும். பந்தை எழுப்ப மாவிலிருக்கும் ஈரத்தில் சிறு பங்கே போதும். ஓட்டை இருந்தால் ஆவி ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். பூரியிலும் இதே கதைதான். ஆனால் அங்கே எண்ணெய் 180 டிகிரி சூட்டில் இருக்கும். ஆகவே குழந்தைக்குச் சப்பாத்தியே போதும். உப்பிய சப்பாத்தியை விரலால் குத்த மட்டும் விடாதீர்கள். அந்த ஆவி நன்றாகச் சுட்டுவிடும்.

பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டியது இட்லி மாவு. அரைத்த மாவைக் கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, மாவு நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். இதே மாதிரி இன்னொரு டம்ளரை ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவது டம்ளரில் உளுந்து சேராத அரிசி மாவு மட்டும். காலையில் குழந்தை பல் தேய்ப்பதற்கு முன்பே டம்ளரைத் தேடி வரும். வெளியே வைத்தது ரப்பர் பேண்டைத் தாண்டி விளிம்புக்கு வந்திருக்கும். பக்கவாட்டில் கண்ணாடியோடு ஒட்டிய குமிழிகளை எண்ணக்கூட முடியும். ஃபிரிட்ஜில் இருந்தது அசைந்திருக்காது. அரிசி மாவில் குமிழி வந்தாலும் உளுந்து மாவுபோல எழும்பி நிற்காது.

ஏன்? மாவைப் பொங்கவைப்பது லூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியா என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முகர்ஜி என்ற ஆய்வாளரும் சேர்ந்து 1965-ல் எழுதினார்கள். அரிசியோடும் உளுந்தோடும் அது இயல்பாகவே வீட்டுக்குள் வருகிறது. கடையில் வாங்கும் ஈஸ்ட் தேவையில்லை. மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் அது வெளியே விடுகிறது. அந்த வாயு ஓடிப்போகாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும். குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும். ஊட்டிக்காரர்கள் மாவுப் பாத்திரத்தைக் கம்பளி போர்த்தி வைப்பது இதனால்தான். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தப் பெயரெல்லாம் வேண்டாம். "கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர் சாப்பிட்டுட்டு காத்து விடுது" என்றால் போதும். விழுந்து விழுந்து சிரிக்கும், மறக்கவும் செய்யாது.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணியில் தடவிக் காயவைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வரைந்தால் சிவப்புக் கோடு விழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் தன்மை உடையது. ஆரத்தித் தட்டின் செந்நிறமும் இதனால்தான். அங்கே காரம் சுண்ணாம்பிலிருந்து வருகிறது. ஆனால் குழந்தையின் கையில் சுண்ணாம்பைக் கொடுக்கவே கூடாது. வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தை அமுக்கி விளையாடிக் கண்ணில் பீய்ச்சிக்கொண்டு பார்வையை இழந்த குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், உடனே சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பாத்திரம் கழுவும் இடத்தையும் விட வேண்டாம். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளை மெல்லத் தூவுங்கள், மிதக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் விரல் நுனியைத் தொட்டு, தட்டின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். மிளகு விளிம்புக்கு ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல விறைப்பாக இருக்கிறது. சோப்பு பட்ட இடத்தில் அந்த விறைப்பு தளர்ந்துவிட, சுற்றியிருக்கும் தண்ணீர் மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குழந்தை உடனே "இன்னொரு தடவை!" என்று கேட்கும். இரண்டாம் தடவை ஒன்றும் நடக்காது. சோப்பு ஏற்கெனவே தட்டு முழுக்கப் பரவிவிட்டது. ஏன் நடக்கவில்லை என்று குழந்தை கேட்கும் அந்த இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள், மிளகுக் கை கண்ணுக்குப் போகும்.

இந்த விறைப்பை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆக்னஸ் போக்கல்ஸ் (1862–1935). பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. நோயாளிப் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு வேறு. இயற்பியல் படித்த தம்பி ஃபிரீட்ரிஷ் கொடுத்த புத்தகங்களைப் படித்தார். இருபது வயதை ஒட்டி, ஒரு தகரத் தட்டில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு பட்டையை நகர்த்தி நீர்ப்பரப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கும் கருவியை அவரே செய்தார். நீரில் ஒட்டியிருக்கும் சிறு பொத்தானைத் தூக்க எவ்வளவு விசை தேவை என்று தராசில் அளந்தார். 1891-ல் அந்த முடிவுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். அந்தக் கருவியின் வழிவந்ததை வைத்து மேற்பரப்புகளை ஆராய்ந்த இர்விங் லாங்மூர் 1932-ல் நோபல் பரிசு பெற்றார். ஆக்னஸுக்கு அதே வருடம், எழுபதாவது வயதில், கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது.

"இதெல்லாம் சரி, காய் சாப்பிடுவானா?" என்பதுதான் பல பெற்றோருக்கு முக்கியமான கேள்வி. 2014-ல் ஸ்விட்சர்லாந்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள 47 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோருடன் சேர்ந்து தாங்களே சமைத்த குழந்தைகள், பெற்றோர் மட்டும் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளைவிட சாலட் முக்கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நடத்தியது ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம், பங்கெடுத்தவர்களும் குறைவு. ஆகவே பாகற்காய்க்கும் இது செல்லும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் தான் ஆய்ந்த கீரையை ஒரு வாயாவது தின்று பார்க்கும் குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்குப் பொம்மைச் சாமானைவிட நிஜச் சாமான்தான் பிடிக்கும் என்று 1907-ல் ரோமில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி கண்டுகொண்டார். ஊற்றுவது, பிரித்தெடுப்பது, துடைப்பது எல்லாம் அவருடைய பாடத்திட்டத்தில் பாடங்களே. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி நம் ஆசிரியர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று வயதுக்குக் கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் சரியான வேலை. உரித்த பட்டாணி வாய்க்கோ மூக்குக்கோ போகாமல் பக்கத்திலேயே இருங்கள். ஐந்து வயதுக்கு அளந்து போடுவதும் பிசைவதும். ஏழு வயதில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம். அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் எந்தக் குழந்தையும் வரக்கூடாது, குக்கர் இருக்கும்போது இன்னும் தள்ளி. பச்சை மாவைத் தின்னவிடாதீர்கள். பள்ளி வேன் வரும் நேரத்தில் இதையெல்லாம் ஆரம்பிக்காமல், விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவு சிந்தத்தான் செய்யும். ஒரு பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துவிட்டு உட்காருங்கள்.

அப்புறம், மகளை மட்டும் கூப்பிடாதீர்கள். ஆக்னஸுக்குச் சமையலறையும் தம்பிக்குப் பல்கலைக்கழகமும் என்று பிரித்துக் கொடுத்த காலம் போய்விட்டது. பெண் பிள்ளைகள் ஆய்வுக்கூடம்வரை வந்துவிட்டார்கள். ஆண் பிள்ளைகள்தான் இன்னும் சமையலறைக்கு வரவில்லை. பையனையும் கூப்பிடுங்கள், அவனுடைய அப்பாவையும் சேர்த்து.