உட்லண்ட்ஸ் வெப்பத்துக்கு எந்த கூலர்?

கணினியின் பிராசஸருக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை அள்ளி அறைக் காற்றில் விடுவதுதான் ஏர் கூலரின் வேலை. அதன் அடித்தட்டு பிராசஸர்மேல் அழுந்தி உட்காரும். அதிலிருந்து கிளம்பும் செம்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் குறைந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே குளிர்ந்து மறுபடியும் நீராகி, குழாயின் உட்சுவர் வழியே திரும்பி வரும். தகடுகளின் சூட்டை மின்விசிறி ஊதித் தள்ளும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஏர் கூலரால் பிராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஒரு கூலர் 150 வாட் பிராசஸரை அறை வெப்பத்தைவிட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 டிகிரி அறையில் அது 71 டிகிரி. ஏர்கான் போடாத உட்லண்ட்ஸ் வீவக வீட்டில், பிற்பகல் 31 டிகிரியில், அதே கூலர் 81 டிகிரி காட்டும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் இன்னும் ஆறு டிகிரி கூடும். ஆகவே குளிர்நாட்டு விமர்சனங்களில் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்றுதான் பார்க்க வேண்டும்.

இதற்காகப் பதறவும் தேவையில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரி வரை தாங்கும். இன்டெல் ஐ9-14900கே 100 டிகிரி வரை. எல்லையைத் தொட்டால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிங்கப்பூர் 2023இல் வெளியிட்ட வெப்பமண்டலத் தரவு மையத் தரநிலையும், மையங்களை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்க வழிகாட்டுகிறது. காற்றின் ஈரப்பதமும் இங்கே பகையல்ல. கூலர் அறையைவிடக் குளிர்வதில்லை என்பதால் அதன்மேல் நீர் படியாது.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பாதி உண்மைதான். 14900கே-யின் அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். ரைசன் 5 7600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் 88 வாட் வரை இழுக்கும். உச்ச எண்ணுக்கே கூலர் தேட வேண்டும். 7600-உடன் பெட்டியிலேயே வரும் சிறு கூலர் வேலையை முடித்துவிடும், ஆனால் வெயில் நாளில் இரைச்சல் போடும். நான்கு குழாய், ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர் அந்த வகைக்குத் தாராளம். 150 வாட்டைத் தாண்டினால் இரட்டைக் கோபுரம். 253 வாட்டை மணிக்கணக்கில் இழுக்கும் வேலைக்குப் பெரிய நீர்க் கூலரே பொருத்தம்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நொக்டுவா என்எச்-டி15-இன் உயரம் 165 மில்லிமீட்டர், எடை 1.3 கிலோ. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர். கேஸிங் 160 மட்டுமே இடம் தருமானால் முதலாவதைப் போட்டுப் பக்கக் கதவை மூட முடியாது. உயரமான ரேம் பட்டைகள் விசிறியை முட்டும். ஏஎம்5, எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851 ஆகிய சாக்கெட்டுகளில் மதர்போர்டில் இருப்பது எதுவோ, அதற்கான பிடிமானம் பெட்டியில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

கண்ணாடி முகப்புள்ள கேஸிங் பார்வைக்கு அழகு, காற்றுக்குச் சிறை. வலை முகப்புள்ள கேஸிங் கிடைத்தால், நடுத்தர கூலரே போதும். வண்ண விளக்குகள் ஒரு டிகிரியைக்கூடக் குறைப்பதில்லை. ஒன்று மட்டும் தப்பாது: எந்த கூலரும் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும், சிறிய படுக்கையறையில் சன்னலைத் திறப்பதும் கணினிக்குச் செய்யும் உதவியே.

உட்லண்ட்சில் வடக்கு-தெற்குப் பாதையில் ஏறி நியூட்டனில் டௌன்டௌன் பாதைக்கு மாறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தம் ரோச்சோர். கூலர் வாங்கக் கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் அங்கேதான். கிளம்புமுன் கேஸிங்கின் கையேட்டில் கூலர் உயர வரம்பையும் மதர்போர்டின் சாக்கெட் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.