பாகுப் பதமும் இணைய ஏலமும்: எப்படி இயங்குகிறது?

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது வேலை மூன்று கட்டமாகப் பிரிந்துவிடும். வெல்லத்தைக் கரைத்து மண்ணும் தூசியும் போக வடிகட்டுவது முதல் கட்டம். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுப்பில் கொதிப்பது இரண்டாவது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிரப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. தண்ணீரில் விட்ட சொட்டு உருண்டு, தட்டினால் 'டங்' என்று சத்தம் வந்ததும் மூன்றாவது கட்டம். கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டுவிட வேண்டும்.

இணைய ஏலத்தில் பொருள் விற்பதற்கும் இதே மூன்று கட்டம்தான். விற்பவர்களின் புலம்பலைக் கேட்டால் பெரும்பாலும் கட்டம் மாறிக் கை வைத்த கதையாக இருக்கும். வடிகட்ட வேண்டிய நேரத்தில் அவசரம், கொதிக்கும்போது குறுக்கீடு, துண்டு போட வேண்டிய நேரத்தில் அலட்சியம். ஈபேயின் அமெரிக்கத் தளத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தியாவுக்கென்று இருந்த ஈபே தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டதால், இங்கிருந்து பழைய நாணயமும் தபால்தலையும் விற்பவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை நம்பியே விற்கிறார்கள். அவர்களுக்கும் இந்த விவரங்கள் உதவும்.

வடிகட்டல்: பட்டியலிடும்போதே தீர வேண்டியவை

விற்கப்போவது ஒரு பழைய ஃபிலிம் கேமரா என்று வைத்துக்கொள்வோம். "நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதி, இரண்டு படம் போட்டு ஏலத்துக்கு விட்டால், பின்னால் வரப்போகும் சண்டைக்கு அன்றைக்கே தேதி குறித்தாகிவிட்டது. கேமரா வாங்குகிறவர் பார்ப்பது வேறு. லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் பூஞ்சை தெரிகிறதா? ஷட்டர் எல்லா வேகத்திலும் திறக்கிறதா, மெதுவான வேகத்தில் ஒட்டிக்கொள்கிறதா? பேட்டரி அறையில் பச்சைக் கசிவு இருக்கிறதா? இவற்றை விற்பவரே சோதித்து, குறைகளை முதலில் எழுதி, அந்தப் பூஞ்சையையே குளோஸ் அப்பில் படம் எடுத்துப் போட வேண்டும். சோதிக்கத் தெரியாவிட்டால் "ஃபிலிம் போட்டுச் சோதிக்கவில்லை" என்று எழுதலாம். சோதிக்காமல் "வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதக் கூடாது.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்ற பயம் வேண்டாம். 1995-ல் பியர் ஒமிடியார் இந்தத் தளத்தை 'ஆக்‌ஷன் வெப்' என்ற பெயரில் தொடங்கியபோது முதலில் விற்ற பொருளே உடைந்துபோன லேசர் பாயிண்டர்தான். விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார்.

"திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வாங்கியவர் மனம் மாறித் திருப்பி அனுப்புவதைத்தான் அந்த வரி தடுக்கும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்று அவர் புகார் கொடுத்தால் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது.

தலைப்பும் வடிகட்டலில் சேர்ந்ததுதான். வாங்குபவர் தேடும் சொல் தலைப்பில் இல்லையென்றால் அவர் கண்ணில் பொருள் படவே படாது. 1852-ல் ஆர்க்டிக் கடற்பயணத்துக்காகக் காய்ச்சப்பட்ட 'ஆல்சாப்' பீர் பாட்டில் ஒன்று 2007-ல் ஈபேயில் ஏலத்துக்கு வந்தது. மதுவாலையின் பெயரில் இரண்டு 'பி' வர வேண்டிய இடத்தில் விற்றவர் ஒன்றுதான் போட்டிருந்தார். 304 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் எழுத்தைச் சரியாகப் போட்டு மறுபடி ஏலம் விட்டபோது கேட்பு 5,03,300 டாலர் வரை ஏறியது. அந்தத் தொகை கைக்கு வந்ததா என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

அடுப்பை எந்தத் தீயில் வைப்பது?

தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் ஆட்கள் கூடுவார்கள், கூட்டத்தைப் பார்த்து இன்னும் சிலர் வருவார்கள். உண்மைதான், ஆனால் பலர் தேடும் பொருளுக்குத்தான் அது பொருந்தும். நாலைந்து பேர் மட்டுமே தேடும் அபூர்வமான லென்ஸ் ஒன்றை 99 சென்ட்டில் தொடங்கினால், அந்த வாரம் அவர்களில் ஒருவர் மட்டும் தளத்துக்கு வந்தால் போதும். 99 சென்ட்டுக்கே கொடுத்தாக வேண்டும்.

இதற்கு அஞ்சுபவர்கள் ரகசியக் குறைந்தபட்ச விலை ஒன்றை வைக்கலாம். அந்தத் தொகையைத் தொடாவிட்டால் விற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. "இன்னும் எட்டவில்லை" என்ற அறிவிப்பைப் பார்த்ததும் சிலர் விலகியும் விடுவார்கள். ஆகவே பலருக்கு எளிய வழி, எந்த விலைக்குக் கீழே போனால் மனம் ஆறாதோ அதையே தொடக்க விலையாக வைப்பது.

யார் கேட்கலாம் என்பதையும் இப்போதே அமைத்துவிடலாம். முன்பு ஏலம் எடுத்துப் பணம் கட்டாதவர்கள், நாம் பார்சல் அனுப்பாத நாட்டில் இருப்பவர்கள் இவர்களைத் தடுக்க அமைப்புப் பக்கத்தில் வசதி இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கொதி: விலை எப்படி ஏறுகிறது?

ஊர் ஏலத்தில் ஒருவர் கேட்க, அடுத்தவர் ஏற்ற, கண்ணெதிரே நடக்கும். இங்கே ஒவ்வொருவரும் தன்னால் கொடுக்க முடிந்த உச்சத் தொகையை ரகசியமாகப் பதிந்துவிடுகிறார். தளம் அவருக்காகச் சிறிது சிறிதாகக் கேட்கிறது. கேமராவுக்கு முதலாமவர் 60 டாலர் வரை, இரண்டாமவர் 85 டாலர் வரை என்று பதிந்தால், காட்டப்படும் விலை 85 ஆகாது. 60-க்கு மேல் ஒரு படி, அதாவது 61 டாலர். 25 முதல் 100 டாலருக்குள் ஒரு படி என்பது ஒரு டாலர். ஏறத்தாழ இரண்டாவது இடத்தில் நிற்பவரின் தொகையே விலையைத் தீர்மானிக்கிறது. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் அலசிய ஏல முறைக்கு இது நெருங்கிய சொந்தம்.

விற்பவருக்கு வரும் முதல் சபலம் இங்கேதான். "அவர் 85 வரை போவார் போலிருக்கிறதே, நம்ம மச்சானை விட்டு 80 கேட்கச் சொன்னால் என்ன?" ஊர் ஏலத்தில் ஆள் வைத்து ஏற்றிவிடுவது பழைய வித்தை. இணைய ஏலத்தில் அது விதிமீறல்; பல நாடுகளில் சட்டப்படி மோசடி. 2000-ம் ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியா வழக்கறிஞர் கென்னத் வால்டன், 25 சென்ட் தொடக்க விலையில் ஓர் ஓவியத்தை ஏலம் விட்டார். புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததாக இருக்குமோ என்று தோன்றும்படி அதில் எழுத்துகள் இருந்தன. விலை 1,35,805 டாலருக்கு ஏறியது. விற்றவரே தன் பொருளுக்கு ஏலம் கேட்டிருந்ததைக் கண்டுபிடித்து ஈபே விற்பனையை ரத்து செய்தது. விசாரணையில் கூட்டாளிகளும் சிக்கினார்கள். வால்டன் 2001-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தீயைத் திருட்டுத்தனமாக ஏற்றினால் பாகு சீக்கிரம் பதத்துக்கு வராது, கருகிப்போகும்.

இரண்டாவது சபலம், நடுவில் இறக்கிவிடுவது. மூன்றாம் நாள் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்புவார்: "ஏலத்தை நிறுத்திவிட்டு எனக்கே கொடுங்கள், 70 டாலர் தருகிறேன்." தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் தளத்தின் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது. அதோடு, அவசரப்பட்டு 70 தருகிறவருக்குப் பொருளின் மதிப்பு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பதம் பார்த்தல்: கடைசி பன்னிரண்டு மணி நேரம்

ஏழு நாள் ஏலத்தில் ஆறு நாள் விலை 61-லேயே நின்றால் விற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பாகும் இப்படித்தான், வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், பதம் வருவது கடைசி நிமிடங்களில். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று இங்கே யாரும் அவகாசம் தருவதில்லை. குறித்த விநாடியில் ஏலம் மூடிக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசி விநாடிகளில்தான் தங்கள் தொகையைப் போடுவார்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும் அப்போது அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். அமேசானில் கடைசிக் கேட்புக்குப் பின் பத்து நிமிடம் அமைதி நிலவினால்தான் ஏலம் முடியும். அங்கே கடைசி நிமிட வேட்டை மிகவும் குறைவு, ஈபேயில் அதிகம்.

விற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆறாம் நாள் விலையைப் பார்த்துப் பதறக் கூடாது. விதியும் பதற விடுவதில்லை. 12 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால், பொருள் உடைந்துவிட்டது போன்ற நியாயமான காரணம் இருக்கும்போது கேட்புகளை ரத்து செய்து ஏலத்தை நிறுத்தலாம். அதற்குக் கீழே வந்துவிட்டால், அதிகம் கேட்டவருக்கு அந்த விலைக்கே விற்று முடிக்கலாமே தவிர, ரத்து செய்ய முடியாது. கேட்டவருக்கும் கட்டுப்பாடு உண்டு. 9.95 என்று அடிக்க நினைத்து 99.50 என்று அடித்துவிட்டால் திரும்பப் பெறலாம். கடைசி 12 மணி நேரத்தில் கேட்டதை ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும்.

ஏலம் முடியும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும். அமெரிக்க வாடிக்கையாளரை எதிர்பார்த்துச் சென்னையில் காலை பத்து மணிக்குத் தொடங்கினால், முடியும்போது நியூயார்க்கில் நள்ளிரவு.

துண்டு போடுதல்: ஏலம் முடிந்ததும்

கடைசி விநாடியில் மூன்றாமவர் 82 போட, இரண்டாமவரே 83 டாலருக்கு ஏலம் எடுத்தார் என்று கொள்வோம். இனி வேகம் தேவை.

மிகச் சாதாரணமான சிக்கல், எடுத்தவர் பணம் கட்டாதது. ஆல்சாப் பீர் பாட்டிலுக்கு நேர்ந்ததும் அதுதான். அந்த 5,03,300 டாலர் விளையாட்டுக் கேட்பு, பணமாக மாறவில்லை. விதி இப்படி: நான்கு நாள் அவகாசம், ஐந்தாம் நாளிலிருந்து 'பணம் கட்டவில்லை' என்ற காரணத்தோடு ஆர்டரை ரத்து செய்யலாம். காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். அப்போதுதான் விற்பனைக் கட்டணம் திரும்ப வரும், அவர் கணக்கிலும் அது பதிவாகும். பரிதாபப்பட்டு "வாங்கியவர் கேட்டுக்கொண்டதால்" என்று போட்டால் அந்தப் பதிவு இல்லாமல் அவர் அடுத்த ஏலத்துக்குப் போய்விடுவார்.

பிறகு 82 கேட்டவருக்கு 'இரண்டாவது வாய்ப்பு' அனுப்பலாம். அவர் கேட்ட உச்சத் தொகைக்கே பொருளைத் தரும் வசதி இது. கட்டாயம் ஏதுமில்லை, மறுத்தால் மறுபடி ஏலம்.

அடுத்தது பார்சல். பொருளைச் சுற்றுவதற்கு முன் வரிசை எண் தெரியும்படி ஒரு படம், பெட்டியில் வைத்தபின் ஒன்று. முகவரி ஆர்டரில் உள்ளதாகவே இருக்க வேண்டும். "அனுப்பும்போது என் நண்பன் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்" என்றால், ரத்து செய்து புதிதாக வாங்கச் சொல்லுங்கள். வேறு முகவரிக்குப் போன பார்சலுக்கு 'வரவில்லை' என்ற புகார் வந்தால் விற்பவர் பக்கம் பேச ஆதாரம் இருக்காது. கண்காணிப்பு எண் எப்போதும் தேவை; 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேவை.

"சொன்னபடி இல்லை" என்று புகார் வந்தால் பதில் சொல்ல மூன்று வேலை நாள். கோபத்தில் நீண்ட கடிதம் எழுதி அந்த நாட்களைக் கழிப்பவர்கள் உண்டு. நாள் கடந்தால் தளமே தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். படம் கேளுங்கள், அதை உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். குறை உங்களுடையது என்றால் திரும்ப அனுப்பும் செலவை ஏற்றுப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்த கேமராவின் வரிசை எண் வேறாக இருந்தால், பழைய படத்தை வைத்து உடனே தளத்தில் புகார் கொடுங்கள்.

பெயர் என்ற முதலீடு

2008-லிருந்து ஈபேயில் விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறைக் கருத்து எழுத முடியாது, வாங்கியவர் எழுதலாம். இது ஒருதலைப்பட்சம் என்று விற்பவர்கள் அன்றிலிருந்து முணுமுணுக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கருத்துகளுக்குக் காசு மதிப்பு இருக்கிறது. பால் ரெஸ்னிக்கும் அவரது சக ஆய்வாளர்களும் பழைய அஞ்சலட்டைகளை, நல்ல பெயர் சேர்ந்த கணக்கிலும் புதிய கணக்குகளிலும் ஒரே மாதிரி ஏலம் விட்டுப் பார்த்தார்கள். பெயர் உள்ள கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

ஆகவே ஐந்து டாலர் பொருளுக்காக வாங்கியவரோடு மல்லுக்கு நிற்பது கணக்குக்கு ஒத்துவராது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பொருளைப் பட்டியலிடுங்கள். இந்த முறை குறைகளை முதல் வரியிலேயே எழுதுங்கள்.