யாரு சார் இந்த பெல்லா?

சனிக்கிழமை மாலைகளில் ரெண்டு பேருக்கு லத்தீன் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். (நானே தட்டுத்தடுமாறிப் படித்தவன்தான்.) போன வாரம் 'பெல்லா விதெத்' என்று ஒரு வாக்கியம் வந்தது. 'போர்களைப் பார்க்கிறான்' என்று அர்த்தம். ஒருவர் கேட்டார், "யாரு சார் இந்த பெல்லா?"

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை. முதல் பாடத்திலேயே 'புவெல்லா' (சிறுமி) என்ற சொல்லை நெட்டுருப் போட வைத்தது நான். அகரத்தில் முடிந்தால் பெண்பால், ஒருமை, எழுவாய் என்று மனதில் பதிந்துவிட்டது.

லத்தீனில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால்: ஆண், பெண், நியூட்டர். நியூட்டர் என்றால் 'இரண்டில் எதுவுமில்லை'. நம்ம அஃறிணை மாதிரின்னு சொல்லலாம், ஆனால் முழுசாப் பொருந்தாது. மேசை அங்கே பெண்பால்.

பாடப்புத்தகங்கள் நியூட்டருக்குத் தனி அட்டவணை போட்டு மாணவரைப் பயமுறுத்துகின்றன. உண்மையில் அது தனி வகையே அல்ல. நம்ம தொழில் பாஷையில், ஏற்கெனவே இருக்கிற கிளாஸில் ரெண்டே ரெண்டு ஓவர்ரைடு. ஒன்று, எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். இரண்டு, அந்த வடிவம் பன்மையில் அகரத்தில் முடியும். 'பெல்லும்' (போர்), 'பெல்லா'. 'நோமென்' (பெயர்), 'நோமினா'. 'மரே' (கடல்), 'மரியா'. 'கோர்னு' (கொம்பு), 'கோர்னுவா'. சொல் எந்த வகையானாலும் இது மாறாது. மற்ற வேற்றுமைகளில் பெரும்பாலும் ஆண்பால் சொல்லுக்கு வரும் அதே விகுதிகள்தான்.

எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வித்தியாசம் இல்லைன்னா எப்படிப் புரியும்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தமிழைப் பாருங்கள். 'பால் குடித்தான்' என்கிறோம். 'ஐ' இல்லை, யாரும் குழம்புவதில்லை. ஆனால் 'முருகன் பார்த்தேன்' என்றால் இடிக்கிறது, 'முருகனை' வேண்டும். உயிரில்லாத பொருள் வினை செய்வது அபூர்வம், அதனால் அடையாளம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. லத்தீன் நியூட்டருக்கும் இதே காரணத்தைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். லத்தீன் மட்டுமல்ல, சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் இதே கதைதான். ஒரு வித்தியாசம்: தமிழில் வேண்டுமானால் 'பாலை' என்று சொல்லிக்கொள்ளலாம், லத்தீனில் அந்த வசதி கிடையாது. 'இன்கெந்தியும் தெம்ப்லும் தேலெத்' என்றால் தீ கோயிலை அழிக்கிறதா, கோயில் தீயை அழிக்கிறதா? வடிவம் சொல்லாது, பொது அறிவுதான் சொல்லும்.

பன்மை அகரத்துக்கும் நம்மிடம் ஒரு பிடி உண்டு. நல்லன, வந்தன, பல, சில. பலவின்பால் அகரத்தில் முடியும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. லத்தீனில் நல்லவை 'போனா'. இது தற்செயல்தான், உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல கயிறு கிடைக்காது.

மூன்றாம் வகையில்தான் நிஜமான சிக்கல். 'கோர்புஸ்' (உடல்) பார்க்க 'தோமினுஸ்' (எஜமானன்) மாதிரியே இருக்கும். ஆறாம் வேற்றுமையைக் கூடவே படித்தால்தான் தப்பிக்கலாம்: கோர்புஸ், கோர்போரிஸ். அடிச்சொல் 'கோர்போர்', ஆகவே பன்மை 'கோர்போரா'. மரம் என்பது 'மரத்தை' ஆகிறதே, 'மரமை' இல்லையே, அந்த மாதிரி.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்றும் சொன்னேன். இலை லத்தீனில் 'ஃபோலியும்', பன்மை 'ஃபோலியா'. பின்னால் வந்த மக்கள் அந்தப் பன்மையைப் பெண்பால் ஒருமையாக எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியனில் ஒரு இலை 'ஃபோல்யா', பிரெஞ்சில் 'ஃபாய்', ரெண்டுமே பெண்பால். அவர் செய்த அதே தப்பு! மனுஷனுக்கு ரொம்ப சந்தோஷம்.

'வீருஸ்' (நஞ்சு) என்ற சொல் 'தோமினுஸ்' வகையிலேயே இருந்துகொண்டு நியூட்டர் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மூன்று மாசம் போகட்டும்.