திரும்பி வந்த ஜோடிகளின் கணக்கு

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் தயாராகும் காலணிகளில் கணிசமான பங்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. போன சரக்கில் சில ஜோடிகளுக்குப் புகார் வரும்: சோல் விட்டுவிட்டது, அப்பர் வெடித்துவிட்டது, தையல் பிரிந்தது. பையருக்கு கிளெய்ம் தொகையைக் கழித்துக் கொடுத்ததும் அந்தப் புகார்த் தாளின் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில், அடுத்த மாடல் எத்தனை காலம் உழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

பொருளின் உழைப்புக் காலத்தைக் கணிக்கும் மென்பொருள்கள் மின்னணுத் துறையில் வேர்விட்டவை. அமெரிக்க ராணுவத்தின் ‘மில் ஹேண்ட்புக் 217’ என்ற கையேடு ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு பழுது விகிதம் கொடுத்தது. எல்லாவற்றையும் கூட்டினால் கருவியின் பழுது விகிதம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. களத்தில் நடந்தது பல சமயம் வேறாக இருந்தது. கையேடும் 1995-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாமல் பழசாகிப்போனது. அதற்கு மாற்றாக வந்த ‘பிரிஸம்’, ‘217 பிளஸ்’ ஆகியவை, முந்தைய மாடல் களத்தில் எப்படி உழைத்தது என்ற தரவையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டன.

காலணிக்கு அப்படிப்பட்ட கையேடு கிடையாது. ஆய்வகச் சோதனை உண்டு. பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20344 முறைப்படி, பாலியூரித்தேன் சோலை 70 டிகிரி ஈரச்சூட்டில் 7 நாள் வைத்து, பிறகு 1,50,000 முறை மடக்கிப் பார்க்கிறார்கள். இது சோலின் தரத்தைச் சொல்லும். பேஸ்டிங் லைனில் பசை சரியாகக் காய்வதற்குள் சோலை ஒட்டி அழுத்திவிட்டார்களா என்பதைச் சொல்லாது. அதைப் புகார்தான் சொல்லும்.

புகாரிலிருந்து என்ன தெரியும்?

ஸ்வீடன் பொறியாளர் வாலோடி வெய்புல் 1951-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவிய கணக்குமுறை இங்கே உதவுகிறது. எத்தனை மாதத்தில் எத்தனை ஜோடி பழுதானது என்று கொடுத்தால், அது ஒரு ‘வடிவ எண்’ தரும். அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால், பழுது தொடக்கத்திலேயே குவிகிறது; ரஃபிங் சரியில்லை, பசை குறைவு போன்ற தயாரிப்புக் குறைகளைத் தேட வேண்டும். 1-க்கு மேலே போனால், நாளாக ஆகத் தேய்ந்தோ சிதைந்தோ போகிறது. பொருளையே மாற்ற வேண்டும்.

பழைய கணக்கு எவ்வளவு செல்லும்?

ஒரு கற்பனைக் கணக்கு. பழைய மாடலில் 20,000 ஜோடி விற்று, ஓராண்டில் 100 ஜோடிக்கு சோல் விட்டது: 0.5 சதவீதம். புதிய மாடலில் பசை மட்டும் வேறு. 200 ஜோடியை ஓராண்டு அணியவைத்துப் பார்த்ததில் ஒன்றுகூட விடவில்லை. அதனால் பழுதே வராது என்று சொல்ல முடியுமா? முடியாது. 200-இல் பூஜ்யம் என்றால், உண்மை விகிதம் 1.5 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்கிறது புள்ளியியல். 10,000 ஜோடி அனுப்பினால் 150 புகார் வரை வரலாம்.

பழைய தரவை முழுதாகச் சேர்த்தால் 20,200-க்கு 100, அதாவது ஏறத்தாழ அதே 0.5 சதவீதம், புதிய பசைக்கான சோதனை கரைந்தே போகும். எனவே பழைய தரவின் எடையைக் குறைக்கிறார்கள். 400 ஜோடிக்கு 2 பழுது என்ற அளவுக்கு மட்டும் அதை மதித்தால், மொத்தம் 600-க்கு 2: சுமார் 0.33 சதவீதம், 10,000-க்கு 33 ஜோடி. பேயஸ் முறை என்பதன் சாரம் இதுதான்.

எடை 400-ஆ, 4,000-ஆ என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்யாது. பசை, சோல், தோல், லாஸ்ட், லைன் இவற்றில் எது மாறியது, எது மாறவில்லை என்று அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எதுவும் மாறாத தையலுக்குப் பழைய தரவை முழுதாக எடுக்கலாம். மாறிய பசைக்குக் கொஞ்சம்தான்.

எங்கே சறுக்கும்?

முதலாவது, திரும்பி வராத ஜோடியெல்லாம் நல்ல ஜோடி அல்ல. சோல் விட்ட ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. இரண்டாவது, போன மாதம் விற்ற ஜோடிக்குப் பழுதாக இன்னும் அவகாசமே கிடைக்கவில்லை. அதை ‘தேறியது’ என்று எழுதக் கூடாது, ‘இதுவரை உழைத்திருக்கிறது’ என்றே எழுத வேண்டும். மூன்றாவது, எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்பது. ஒட்டு பெரும்பாலும் நடக்க நடக்க விடும். பாலியஸ்டர் வகைப் பாலியூரித்தேன் சோலோ, காற்றின் ஈரத்தால் பெட்டிக்குள் இருக்கும்போதே சிதையத் தொடங்கும். அதற்கு விற்ற தேதியைவிடத் தயாரித்த தேதி முக்கியம்.

ஆகவே, மென்பொருள் வாங்குவதற்கு முன்பே ஒரு கிளெய்ம் பதிவேடு வேண்டும்: தயாரித்த வாரம், லைன், பசை மற்றும் சோல் பேட்ச், விற்ற நாள், புகார் வந்த நாள், எந்த இடத்தில் விட்டது. ‘குவாலிட்டி பிரச்னை’ என்று மட்டும் எழுதிய புகாரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஷூ நாக்கின் உட்புற லேபிளில் பேட்ச் எண்ணை அச்சடிக்கும் செலவுதான் இந்த முறையின் முதல் முதலீடு.