மைசூருவில் குடியை நிறுத்த உதவும் கூட்டம்: எப்படித் தேடுவது, போனால் என்ன நடக்கும்?

38 பேரில் ஒருவர். இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்களின் கணக்கு இது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வு தரும் எண். அதே ஆய்வின்படி, அடிமை நிலையில் இருப்பவர்கள் சுமார் 2.9 கோடி பேர்.

வேலைக்காக மைசூரு வந்து, தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தமிழர் ஒருவர் அந்த மீதி 37 பேரில் இருந்தால்? கன்னடம் அரைகுறை. வீட்டில் சொல்ல முடியாது. 'ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமோ' என்ற பயம் வேறு. அவருக்காகவும், அவருடைய நண்பர்களுக்காகவும் இந்த விளக்கம்.

முதலில் டாக்டரா, கூட்டமா?

தினமும் குடிப்பவர் என்றால் முதலில் டாக்டர். 'நாளையிலிருந்து தொடமாட்டேன்' என்று சட்டென நிறுத்துவது ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அதன்பிறகு சிலருக்கு மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரும். இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. மைசூருவில் அரசின் கே.ஆர். மருத்துவமனையிலும், ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

மருந்து உடலைச் சீராக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்பதற்குத்தான் கூட்டம்.

ஏ.ஏ. என்றால் என்ன?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. கூட்டச் செலவுக்கு உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடும் பணம்தான்.

எப்படித் தேடுவது?

கூகுளில் 'டீ-அடிக்‌ஷன் மைசூர்' என்று தேடினால் பணம் வாங்கும் தனியார் மையங்களும் வந்து நிற்கும். அவை வேறு, ஏ.ஏ. வேறு. கூட்டத்தில் உட்காரக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. கூட்டமே இல்லை.

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்துக்குப் போய் மைசூரு கூட்டங்களைத் தேடுங்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம் என்பதால், கிளம்பும் முன் ஒரு போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: கூட்டம் இப்போதும் அதே இடத்தில், அதே நேரத்தில் நடக்கிறதா? எந்த மொழியில் நடக்கிறது? ஓப்பன் கூட்டமா, குளோஸ்டு கூட்டமா?

ஓப்பன் என்றால் நண்பர், குடும்பத்தினர், யாரும் வரலாம். குளோஸ்டு, குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும். தனியாகப் போகத் தயங்கினால் ஓப்பன் கூட்டத்தில் தொடங்கலாம்.

கன்னடம் தெரியாவிட்டால்?

ஆங்கிலக் கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். மனசுக்குள் இருப்பதைத் தமிழில்தான் சொல்ல வரும் என்றால் ஆன்லைன் தமிழ்க் கூட்டம் இருக்கிறதா என்றும் அதே போனில் விசாரியுங்கள். வாரா வாரம் 150 கி.மீ. தாண்டி பெங்களூரு போய் வருவது நடைமுறையில் நிற்காது.

உள்ளே என்ன நடக்கும்?

சிலர் தங்கள் கதையைச் சொல்வார்கள். நீங்கள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. 'இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். முழுப் பெயர் தேவையில்லை. உங்களைப் பற்றி ஆபீஸுக்கு யாரும் தகவல் அனுப்ப மாட்டார்கள். தெரிந்த முகம் இருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். மருத்துவமனைக்குப் போனாலும், உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 உரிமை தருகிறது.

பலன் இருக்கிறதா?

27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவை அலசிய காக்ரேன் அறிக்கை 2020-ல் வெளியானது. நோயாளிகளை ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில், ஓராண்டுக்குப் பிறகும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42%. மற்ற சிகிச்சைகளில் 35%. வித்தியாசம் உண்டு, அதிசயம் இல்லை. பாதிக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். சறுக்கியவர் திரும்பி வந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

கடவுள் பேச்சு ஒத்துவரவில்லையா?

ஏ.ஏ.வின் 12 படிகளில் 'கடவுள்' வருகிறார், 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்ற விளக்கத்தோடு. அதுவும் வேண்டாம் என்றால், மத அடிப்படை இல்லாத ஸ்மார்ட் ரெகவரி குழுவின் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன. கர்நாடகத்துக்கே உரிய வழியும் உண்டு: தர்மஸ்தலா கிராம வளர்ச்சித் திட்டத்தினர் ஊர் ஊராக 'மத்யவர்ஜன சிபிரம்' என்ற முகாம் நடத்துகிறார்கள். முகாம் முடிந்தவர்கள் 'நவஜீவன சமிதி' என்ற குழுவாகத் தொடர்ந்து சந்திக்கிறார்கள்.

குடும்பத்தினருக்கு?

குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி, கணவர், பெற்றோர், நண்பர்கள் தங்களுக்காகப் போகலாம். அதற்கான அமைப்பு அல்-அனான், 1951-ல் தொடங்கியது.

இன்றே பேச

போதை மீட்பு தேசிய உதவி எண்: 14446. டெலி-மானஸ் மனநல உதவி எண்: 14416. டெலி-மானஸ் 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.