அமீபாவின் பச்சைப் பிறை

வெள்ளையணு ஒன்று பாக்டீரியாவைத் துரத்தும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்தது. சிவப்பணுக்களை இடித்துத் தள்ளி, வளைந்து நெளிந்து ஓடி, கடைசியில் லபக்! கண் கிடையாது, மூளை கிடையாது. யார் காட்டிய வழி?

கொழுப்பு காட்டிய வழி! செல் சவ்வின் உட்புறத்தில் பிப்-2 என்றொரு கொழுப்பு மூலக்கூறு சாதுவாக இருக்கிறது. பிஐ3-கைனேஸ் என்ற நொதி அதில் ஒரே ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்தால் அது பிப்-3. அது குவிகிற இடத்தில் ஆக்டின் என்ற புரத இழைகள் மளமளவென்று வளர்ந்து சவ்வை வெளியே தள்ளும். அதுதான் முன்பக்கம். பின்னாலும் பக்கவாட்டிலும் பி-டென் என்ற நொதி அந்த பாஸ்பேட்டைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். (பல புற்றுநோய்களில் காணாமல்போவது இதே பி-டென்தான்.)

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வைத்தது டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபா. பட்டினி கிடந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற ரசாயனத்தை மோப்பம் பிடித்துக் கூட்டம் சேரும். 1998இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பீட்டர் டெவ்ரியோட்ஸின் குழு, பிப்-3ஐத் தேடிப்போய் ஒட்டும் புரதம் ஒன்றில் ஜெல்லிமீனின் பச்சை ஒளிப்புரதத்தை மாட்டிவிட்டது. பக்கத்தில் சைக்ளிக் ஏஎம்பி கசியும் மெல்லிய கண்ணாடி ஊசி. ஊசியைப் பார்த்த விளிம்பில் மட்டும் பளீரென்று ஒரு பச்சைப் பிறை!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஆக்டினை முடக்கும் மருந்தைக் கொடுத்தால் அமீபா நகர முடியாமல் உருண்டையாகிவிடும். அப்போதும் பிறை வருகிறது. ஊசியை இந்தப் பக்கம் கொண்டுபோனால் பிறை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம். கால் ஓடாவிட்டாலும் போகவேண்டிய திசை அதற்குத் தெரிந்திருக்கிறது!

ஆக, பிப்-3தான் ஓட்டுநர் என்று எழுதிக் கதையை முடித்திருக்கலாம். அமீபா விடவில்லை. 2007இல் கேம்பிரிட்ஜில் ஹோலரும் ராபர்ட் கேயும் அதன் ஐந்து பிஐ3-கைனேஸ் மரபணுக்களையும், போதாததற்கு பி-டென்னையும் சேர்த்தே நீக்கினார்கள். அப்படியும் அது சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடித்துப் போய்விட்டது! அதே ஆண்டில் வேறு குழுக்கள் மாற்றுப்பாதை ஒன்றைப் பிடித்தன: பாஸ்போலைப்பேஸ் ஏ2. அதுவும் கொழுப்பின்மேல் கைவைக்கும் நொதிதான்; இது கொழுப்பை வெட்டும்.