இணையப் பக்கங்களின் புதுமையும் பழமையும்

கண்டி மலைநாட்டில் மழை மிகுங்கால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை இணையத்தில் வெளியிடுகின்றது. படிப்போர் காண்பது இன்றைய எச்சரிக்கையோ, நேற்றையதோ என்பதை நிருணயிப்பது எது?

உலாவியானது ஒருமுறை பெற்ற பக்கத்தின் படியொன்றைத் தன்னகத்தே சேமித்து வைக்கும். அப்படி எத்துணைக் காலம் செல்லுபடியாகும் என்பதனைச் சேவையகம் தன் மறுமொழியின் தலைக்குறிப்பில் அறிவிக்கும். 1996இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிகளில் இதற்கு 'எக்ஸ்பயர்ஸ்' என்னும் காலாவதிக் குறிப்பு இருந்தது. 1997இல் வந்த 1.1 பதிப்பு 'கேஷ்-கன்ட்ரோல்' என்பதனைச் சேர்த்தது. அதில் 'மேக்ஸ்-ஏஜ்=600' எனின், பத்து நிமிடம் வரை உலாவி சேவையகத்தை வினவ வேண்டுவதில்லை. 'நோ-கேஷ்' என்பது சேமித்தலைத் தடுப்பதன்று. வினவித் தெளிந்த பின்னரே படியைப் பயன்படுத்துக என்பதே அதன் பொருள். சேமித்தலையே விலக்குவது 'நோ-ஸ்டோர்' ஆகும். வினவுங்கால் உலாவி, 'ஈ-டேக்' என்னும் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். பக்கம் மாறாதிருப்பின் சேவையகம் 304 என்று மட்டும் விடையிறுக்கும். உள்ளடக்கம் மீண்டும் வாராது.

தலதா மாளிகையின் படமொன்றிற்கு ஓராண்டு ஆயுள் அளிப்பினும் குறையில்லை. எசல பெரஹரவின் நாள்களோ ஆண்டுதோறும் மாறுவன; அவ்வட்டவணைக்குக் குறுகிய ஆயுளே பொருந்தும். மண்சரிவு எச்சரிக்கைக்கு 'நோ-கேஷ்' இன்றியமையாதது. சரிவின் கீழ் வாழ்வோர்க்குப் பழைய படி பத்து நிமிடம் நீடிப்பதும் உயிருக்கு இடராகலாம்.